சிறுவர் கல்வியும் கைத்தொலைபேசியும்

ஸ்மார்ட் போன் என்று கடைத்தெருவிலே வழங்குவதும் திறன்பேசி என்று நூல்களிலே எழுதப்படுவதுமாகிய ஒரு சிறு கருவியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அக்கருவியின் வரலாற்றை நான் சொல்லப்போவதில்லை. முதலாந் தரத்திலிருந்து ஐந்தாந் தரம் வரை படிக்கின்ற ஒரு பிள்ளை அதைக்கொண்டு எதையேனும் கற்க முடியுமா, முடியுமாயின் எதை, எவ்வாறு என்பதே நம் வினா. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கதை வேறு. அதனை இன்று தொடமாட்டேன்.

இவ்விஷயத்திலே பெற்றோரிடம் இருவகை அபிப்பிராயம் உண்டு. கைத்தொலைபேசி நஞ்சு, பிள்ளையின் கண்ணிலே படவே கூடாது என்பார் ஒரு சாரார். கடன்பட்டாயினும் ஒன்று வாங்கிக் கொடுக்கவேண்டும், இல்லையேல் பிள்ளை படிப்பிலே பின்தங்கிவிடும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வெவ்வேறு வீடுகளில் வாழ்கின்றனர் என எண்ணிவிடாதீர்கள். காலையிலே நஞ்சு என்று சொன்ன தாயே, மாலையிலே அடுப்படி வேலை முடியும்வரை பிள்ளை அமைதியாயிருக்கட்டும் என்று அதனை எடுத்துக் கொடுப்பதையும் நாம் காண்கின்றோம். அத்தாயைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவளுக்கு உதவிக்கு ஆளில்லை.

நாம் விரும்பி இக்கருவியைக் கல்விக்குள் அழைத்தோம் அல்லோம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியிலே கொரோனாத் தொற்றுக் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜனவரியிலே முதன்முறையாகப் பாடசாலை வாசலை மிதித்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் கழியுமுன் அவர்களுடைய வகுப்பறை மறைந்துவிட்டது. இடையிடையே திறப்பதும் மீண்டும் மூடுவதுமாகக் காலம் கழிந்தது. 2021 ஒக்டோபர் மாதம் 21 ஆந் திகதி, இருநூறுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புக்கள் முதலிலே திறக்கப்பட்டபோது, அப்பிள்ளைகள் இரண்டாந் தரத்திலே இருந்தனர். அகரம் முதலாக எழுத்தறியும் பருவத்தின் பெரும்பகுதி, பெற்றோரின் கைத்தொலைபேசித் திரையிலே கழிந்துவிட்டது.

அந்தத் திரையிலே பிள்ளைக்கு வந்தது யாது? பெரும்பாலான இடங்களிலே வட்ஸ்அப் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆசிரியை பாடநூற் பக்கத்தையோ பயிற்சித் தாளையோ படம்பிடித்து அனுப்புவார். தாய் அதனைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவிப்பாள். எழுதியதைப் படம்பிடித்துத் திருப்பி அனுப்புவாள். இதிலே ஆசிரியையின் குற்றம் ஒன்றுமில்லை. தம்முடைய கருவியிலே, தம்முடைய பணத்திலே ரீலோட் போட்டு, நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளை உள்ளங்கையளவான திரையிலே திருத்திய ஆசிரியைகள் பலரை நான் அறிவேன். ஆயினும் முதலாந் தரத்துப் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாது. "படத்தைப் பார்த்துச் சொல்லை எழுதுக" என்ற கட்டளையைப் பிள்ளை வாசிக்க முடியாது. யாரேனும் ஒருவர் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டவேண்டும். ஆகவே அங்கே தாயே ஆசிரியையானாள். தேயிலைத் தோட்டத்திலே காலையிலே கொழுந்தெடுக்கச் சென்று பொழுதுசாய வீடு திரும்பும் தாய்க்கு, அன்றைய பயிற்சித் தாள் இரவு ஏழு மணிக்கே தொடங்கும். தகப்பன் கொழும்பிலே வேலையென்றால், வீட்டின் ஒரே கைத்தொலைபேசி அவரோடு கொழும்பிலே இருக்கும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே முதலிடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மூத்த பிள்ளைக்கு. கடைக்குட்டியின் முறை வரும்போது டேட்டா முடிந்திருக்கும்.

2019 இல் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்த வீடுகள் இந்நாட்டிலே ஐந்தில் ஏறக்குறைய ஒன்றுதான். தோட்டப்புறத்திலே இதனினும் மிகக் குறைவு. ஆகவே இணையவழிக் கல்வி என்று நாம் பேசியதெல்லாம் உண்மையிலே கைத்தொலைபேசிக் கல்விதான். பதுளை மாவட்டத்திலே அலைவரிசை தேடிப் பிள்ளைகள் பாறைமீதேறி அமர்ந்திருந்த காட்சியை உலகப் பத்திரிகைகள் 2021 இல் வெளியிட்டன. 1945 இலே இலவசக் கல்வியைப் பெற்ற நாடு இது. 1980 முதல் பாடநூலும் இலவசமாகவே பிள்ளையின் கைக்கு வருகின்றது. பாடநூலுக்குப் பணம் கேளாத நாட்டிலே, பாடத்துக்கு ரீலோட் போடவேண்டிய நிலை எப்படி வந்தது என்பதை நாம் இன்னும் பொறுப்போடு ஆராயவில்லை.

நிற்க. அக்காலத்திலே நாம் மட்டும் தவித்தோம் அல்லோம், உலகமே தவித்தது. அத்தவிப்பினிடையே ஆபிரிக்காக் கண்டத்தின் தென்பகுதியிலுள்ள பொற்சுவானா என்னும் நாட்டிலே ஒரு பரிசோதனை நடைபெற்றது. அதனைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இப்பேச்சிலே நான் சொல்ல எடுத்துக்கொண்ட கருத்துக்கு அதுவே ஆணிவேர்.

மூன்றாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரையுள்ள பிள்ளைகளைக் கொண்ட ஏறக்குறைய 4,500 குடும்பங்கள் அப்பரிசோதனையிலே சேர்ந்தன. குடும்பங்கள் குலுக்கல் முறையிலே மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஒரு தொகுதிக்கு வாரந்தோறும் சில எளிய கணக்குகள் குறுஞ்செய்தியாகச் சென்றன. மற்றொரு தொகுதிக்குக் குறுஞ்செய்தியோடு, வாரம் ஒரு தடவை பதினைந்து அல்லது இருபது நிமிடம் ஓர் ஆசிரியரின் தொலைபேசி அழைப்பும் கிடைத்தது. மூன்றாவது தொகுதிக்கு ஒன்றும் இல்லை. அழைப்பிலே நடந்தது மிக எளியது. ஆசிரியர் பெற்றோரோடு இரண்டொரு வார்த்தை பேசுவார். ஒலிபெருக்கியை இயக்கச் சொல்லிப் பிள்ளையையும் அழைப்பார். அனுப்பிய கணக்கிலே ஒன்றைச் செய்யச் சொல்வார். பிள்ளை எந்த இடத்திலே இடறுகின்றது என்று காது கொடுத்துக் கேட்பார். கூட்டல் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த வாரம் கழித்தல். கூட்டலே வராத பிள்ளைக்கு மறுபடியும் கூட்டல். தரத்துக்குரிய பாடத்தை வைத்துக்கொண்டு இழுக்காமல், பிள்ளை நிற்கும் படியிலிருந்தே ஏற்றிச் செல்வதுதான் முறை.

இதன் பெறுபேறு 2022 இல் ஆராய்ச்சிச் சஞ்சிகை ஒன்றிலே வெளியாயிற்று. குறுஞ்செய்தியும் அழைப்பும் பெற்ற பிள்ளைகள் கணக்கிலே தெளிவாக முன்னேறியிருந்தனர். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. ஒரே கணக்கு, ஒரே தொலைபேசி. ஒன்றிலே மனிதக் குரல் இருந்தது, மற்றொன்றிலே இல்லை. பின்னர் இதே முறை இந்தியா, நேபாளம், கென்யா, உகண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளிலே இன்னும் பெரிய அளவிலே சோதிக்கப்பட்டு, அங்கும் பயன் தந்தது. அரசாங்க ஆசிரியர்களே அழைத்தபோதும் பயன் குறையவில்லை என்பது நாம் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி. இன்னுமொன்று: இதற்குத் திறன்பேசி தேவைப்படவேயில்லை. பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசியே போதுமாயிருந்தது. 1925 முதல் குரலையே நம்பி வாழ்ந்துவரும் வானொலியிலே பேசுகின்ற எனக்கு இச்செய்தி சற்று மகிழ்ச்சி தருகின்றது என்பதை ஒளிக்கமாட்டேன்.

இதற்கு மறுதலையான அனுபவம் தென்னமெரிக்காவின் பேரு நாட்டிலே கிடைத்தது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற பெருந்திட்டத்தை அந்நாட்டு அரசாங்கம் ஏற்று, பல இலட்சம் கருவிகளைக் கிராமப் பாடசாலைகளுக்கு வழங்கியது. 319 பாடசாலைகளை ஒப்பிட்டு 2012 இல் வெளியான ஆய்வு, மொழியிலும் கணிதத்திலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயரவில்லை என்று கண்டது. கருவி வந்தது, அதைக்கொண்டு கற்பிக்க ஆசிரியருக்கு வழிகாட்டுவார் போதியளவு வரவில்லை.

இனி எழுத்தறிவுக்கு வருவோம். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியிலே அகரம் எழுதுவிக்கின்றோம். அரிசி விரலுக்கு வழிவிடும்; ஆயினும் சற்றே தடுக்கும். அந்தத் தடையை வென்று வளைவதிலேதான் கைக்கு எழுத்தின் வடிவம் பிடிபடுகின்றது. கண்ணாடித் திரையிலே அத்தடை இல்லை. எழுத்துப் பழக்கும் செயலிகள் பலவற்றிலே, புள்ளியிட்ட கோட்டின்மீது பிள்ளை விரலை ஓட்டினால் எழுத்து நிறைந்து, மணியடித்து, நட்சத்திரம் தோன்றும். விரல் சற்று விலகினாலும் செயலி பொறுத்துக்கொள்ளும். பிள்ளை எழுதிவிட்டது என்று தாய் மகிழ்வாள். மறுநாள் வெறுந் தாளைக் கொடுத்து அதே எழுத்தை எழுதச் சொன்னால், பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு இருக்கும்.

இது என் கற்பனையன்று. அமெரிக்காவிலே கரின் ஜேம்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், இன்னும் வாசிக்கப் பழகாத ஐந்து வயதுப் பிள்ளைகளைக்கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை 2012 இல் வெளியிட்டார். சில எழுத்துக்களைப் பிள்ளைகள் தாமாகக் கையால் எழுதிப் பழகினர். சிலவற்றைக் கோட்டின்மேல் வரைந்து பழகினர். சிலவற்றை விசைப்பலகையிலே தட்டிப் பழகினர். பின்னர் அவ்வெழுத்துக்களைப் பார்க்கும்போது மூளையிலே நிகழ்வதைப் படம்பிடித்தபோது, தாமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்துக்களுக்கே வாசிப்புக்குரிய பகுதிகள் நன்கு விழித்தெழுந்தன. கோட்டின்மேல் வரைந்ததும் தட்டியதும் அவ்வாறு செய்யவில்லை. ஆங்கில எழுத்துக்கே இவ்வாறாயின், சுழியும் கொம்பும் காலும் பெற்று 247 ஆக விரியும் நம் எழுத்துக்களுக்கு என் சொல்வது! ஆதலின் முதலிரு தரங்களிலும் எழுத்து வரைதலைத் திரையிலே பழக்கவேண்டாம் என்பது என் துணிபு. மணலிருக்கின்றது, சிலேட்டிருக்கின்றது, கொப்பியிருக்கின்றது.

ஆயின் இக்கருவி சிறுபிள்ளைக்குப் பயன்படாதா? பயன்படும், நன்றாகவே பயன்படும். செயலிக் கடைகளிலே அதைத் தேடுமுன், கருவி வாங்கும்போதே அதனுள் இருக்கும் எளிய வசதிகளைப் பாருங்கள்.

ஒலிப்பதிவு அவற்றுள் ஒன்று. ஒரு வீட்டிலே மூன்றாந் தரத்துச் சிறுமி ஒருத்தி பாடநூலிலுள்ள கதை ஒன்றை உரக்க வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்ததைக் கண்டேன். அவளுடைய அப்பாச்சி பக்கத்திலிருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். பதிவைத் திருப்பிப் போட்டதும் சிறுமி தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்தாள். "என்ன பிள்ளை, பழம் என்ற இடத்திலே பளம் என்று கேட்குதே" என்றார் அப்பாச்சி. மறுபடியும் வாசித்தாள், மறுபடியும் கேட்டாள். நான்காந் தடவை முழுக்கதையும் தடையின்றி வந்தது. அடுத்து அப்பாச்சியின் முறை: அவர் பழைய நரிக்கதை ஒன்றைச் சொல்ல, பேத்தி அதைப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுத் தன் கொப்பியிலே ஐந்தாறு வரியாக எழுதினாள். ஒரே கதையை நான்கு தடவை வாசி என்று எந்த ஆசிரியர் கட்டளையிட்டாலும் பிள்ளை வாசிக்குமா? தன் குரலைத் தானே கேட்கும் ஆசை வாசிக்க வைத்தது. லகர ளகர ழகர வேறுபாட்டையும், ரகர றகர வேறுபாட்டையும் பழக்க இதனினும் நல்ல வழி இல்லை என்பேன். அதற்கு டேட்டாவும் வேண்டாம், அலைவரிசையும் வேண்டாம். கருவியிலே மின் இருந்தாற் போதும்.

புகைப்பட வசதி மற்றொன்று. நமது ஆரம்பக் கல்வித் திட்டம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று வழிகளையும் சேர்த்து வகுக்கப்பட்டது. சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடமும் பிள்ளையை வளவுக்குள் இறக்கிவிடவே அமைந்தது. வளவிலே காணும் வண்டையும் எறும்புப் புற்றையும் படம்பிடித்து, விரலால் பெருப்பித்துப் பார்த்தால், வண்டுக்குக் கால் ஆறு என்பது பிள்ளை தானே கண்டுபிடித்த உண்மையாகிவிடும். கண்டதைக் கொப்பியிலே வரையச் சொல்லுங்கள். வாழைக்குலை பூத்த நாள்முதல் வாரம் ஒரு படம் எடுத்து அடுக்கினால், வளர்ச்சி என்பதை அதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் காட்டாது.

மூன்றாவது, பிறமொழி கேட்டல். தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் படிக்கவேண்டும் என்பது ஏட்டிலே உள்ள ஏற்பாடு. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் இல்லாத பாடசாலைகளோ ஏராளம். அங்கே சிங்களம் பேசும் ஒரு பிள்ளையின் குரலைக் கைத்தொலைபேசி கொண்டுவரலாம். இங்கிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரலை அங்கே கொண்டுசெல்லலாம். இரண்டு பாடசாலைகளின் ஆசிரியர்கள் மனம் ஒத்தால் இது நாளையே தொடங்கக்கூடிய காரியம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலே தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலே ஈழத்துப் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கிலே உள்ளன. ஆயின் இவ்விரண்டும் முதலிலே ஆசிரியருக்கு உரியவை. அவர் தெரிந்தெடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும்.

தீங்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பெற்றோர் பலர் அதற்காகவே காத்திருப்பர். கண்ணைப் பற்றிய கவலை நியாயமானது. சீனாவின் குவாங்சோ நகரிலே ஆறு வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் மேலதிகமாக நாற்பது நிமிடம் வெளியிலே விளையாடவிட்டு மூன்றாண்டு கவனித்தனர். கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டவர் அவர்களுள் 30 வீதம். வழமைபோலப் படித்த பிள்ளைகளுள் 39 வீதம் என்று 2015 இல் அறிவித்தனர். வெயில்படும் விளையாட்டு கண்ணுக்கு மருந்தென்றால், அவ்விளையாட்டு நேரத்தைத் தின்னும் எதுவும் கண்ணுக்குப் பகைதான், அது கைத்தொலைபேசியாயினும் சரி, ரியூசன் வகுப்பாயினும் சரி! கவனச் சிதறல் அடுத்தது. யுனெஸ்கோவின் 2023 ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை, கவனம் ஒருமுறை சிதறினால் மீண்டும் பாடத்திலே படிய இருபது நிமிடம் வரை செல்லலாம் என எச்சரித்தது. பிரான்சு தேசம் 2018 இலேயே ஆரம்பப் பாடசாலைகளில் கைத்தொலைபேசியைச் சட்டத்தால் தடைசெய்தது. பிள்ளை காணொளி ஒன்றைப் பார்த்து முடிக்குமுன் அடுத்தது தானாகவே ஓடத்தொடங்குமாறு அக்கருவி அமைக்கப்பட்டிருக்கின்றது. வளர்ந்தவராகிய நாமே அதனிடம் தோற்று, சோற்றுக் கோப்பைக்கு முன்னிருந்தும் குனிந்து பார்க்கின்றோம். ஏழு வயதுப் பிள்ளையிடம் மனவுறுதியை எதிர்பார்ப்பது நீதியாகாது. அருகிலே ஒரு பெரியவர், கருவியிலே இணையம் நிறுத்தப்பட்ட நிலை, பதினைந்து இருபது நிமிட நேரம், முடிவிலே கொப்பியிலோ வளவிலோ கையால் செய்யும் ஒரு வேலை என்ற அளவிலே நின்றால், இத்தீங்குகளிற் பெரும்பாலானவை அண்டமாட்டா.

இனி ஆசிரியரைப் பற்றி. பொற்சுவானா முறையை நாம் பின்பற்றுவதாயின் எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே, ஒரு பிள்ளைக்கு வாரம் பத்து நிமிடம் என்றாலும் முந்நூறு நிமிடம். அதாவது ஐந்து மணித்தியாலம். இதனை வேலை நேரத்துள் அடக்காமலும் அழைப்புக் கட்டணத்தை ஏற்காமலும் ஆசிரியரின் தொண்டு மனப்பான்மையை நம்பி விட்டுவிட முடியாது. எல்லாக் காலத்துக்கும் இது வேண்டியதில்லை. பாடசாலை மூடப்படும் காலத்துக்கு வேண்டும். நெடுநாள் வராதிருக்கும் பிள்ளைக்கு வேண்டும். மூடப்படும் காலம் இனி வராது என எண்ணுவார் யார்? 2022 இல் எரிபொருள் இல்லாது மூடினோம். 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் மலையகத்தையும் பிற பகுதிகளையும் அழித்தபோது மீண்டும் மூடினோம். அவ்வேளையிலே பல இடங்களிலே மின்சாரமும் அலைவரிசையும் சேர்ந்தே அற்றுப்போயின என்பதையும் மறக்கலாகாது. அத்தகைய நாட்களுக்கு மின்கலத்தில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி வீட்டிலிருப்பது நல்லது.

ஆகவே இந்தத் தவணையிலேயே செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் வரவிடாப்புக்குப் பக்கத்திலே ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே மூன்று விபரங்களைக் குறித்துக்கொள்ளலாம்: வீட்டிலுள்ள தொலைபேசி இலக்கம், அது யாருடைய கையில் இருக்கின்றது, எந்நேரத்திலே அது வீட்டுக்கு வரும். தொலைபேசியே இல்லாத பிள்ளையின் பெயருக்கு நேரே, அயல் வீட்டார் எவரேனும் அழைப்பை ஏற்பாராயின் அவருடைய சம்மதத்தைக் கேட்டு அவர் இலக்கத்தை எழுதலாம். அயலிலும் இல்லையெனில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, அவ்வீட்டுக்கு நடந்து செல்லும் வழியைக் குறித்துவைக்கவேண்டும்.